போணி

திங்கட்கிழமை என் கையில் ஒரு மணியைக் கொடுத்தார்கள்.
பள்ளிக்கூடத்து மணி அல்ல,
ஓட்டல் மேசையில் தட்டிக் கூப்பிடுகிற பித்தளை மணி.
மூன்று நிமிடம் ஆனதும் தட்ட வேண்டும்.
யார் பேசினாலும், எதைப் பேசினாலும்.
சம்பளம் இல்லை. மதியச் சாப்பாடும்
நெஞ்சில் 'தன்னார்வலர்' என்று ஒரு வில்லையும் உண்டு.

டண்டீ, நவம்பர். டே ஆற்றின் காற்று
கதவு திறக்கும்போதெல்லாம்
பதாகையைக் கழற்றிப் போட்டது:
தொழில்முனைவோர் வாரம்.
முன்பு சணல் ஆலையாக இருந்த கட்டடமாம்.
இப்போது உட்கார்ந்தால் எழ முடியாத பைநாற்காலிகள்,
சுவரெங்கும் மஞ்சள் ஒட்டுத்தாள்.

நான் முனைவர் பட்டத்துக்கு வந்தவள்.
முனைவர், முனைவோர்:
நடுவில் ஒரே ஓர் ஓகாரம்.
அந்த ஓகாரத்தை எனக்கு விசா தரவில்லை.
படிக்கலாம். வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கலாம்.
சொந்தத் தொழில் கூடாது.
என் பார்லி வேர்ப் பூஞ்சைக்குக்கூட
ஒரு சந்தை இருக்கிறது என்றான் ஆய்வகத்தில் ஒருவன்.
சந்தை இருக்கும். கடை போட ஆள்தான் இல்லை.

ஆகவே மணி.

செவ்வாய் முழுக்கத் தட்டினேன்.
தனிமையைத் தீர்க்கும் செயலி, டிங்.
நாய்களுக்கு யோகாசனப் பாய், டிங்.
பாசியில் செய்த பர்கர்.
'உலகையே மாற்றப் போகிறோம்' என்று
ஆரம்பித்த ஒரு பெண்ணை
'உலகையே'வில் நிறுத்தினேன்.
அதிகாரம் ருசியாகத்தான் இருந்தது.

புதன்கிழமை ஒரு பெரிய முதலாளி
தான் ஏழு முறை தோற்றதைப் பற்றி
நாற்பது நிமிடம் பேசினார். அவருக்கு மணி கிடையாது.
முதலுக்கே மோசம் போனவர்களை
யாரும் மேடைக்கு அழைப்பதில்லையே என்று
கேள்வி நேரத்தில் கேட்க நினைத்து
காப்பி எடுக்கப் போய்விட்டேன்.

வியாழன் மாலை கடைசிப் பெயர், இன்னிஸ் ராட்ரே.
சிவந்த காது, ஆளைவிடப் பெரிய ஸ்வெட்டர்.
கையில் ஓர் அட்டைப்பெட்டி:
சிப்ஸ் வைக்கிற பெட்டி,
கடற்புறாவால் திறக்க முடியாதது.
இந்த ஊரில் அது சிரிக்கிற விஷயமில்லை.
பேர்தான் புறா, தொழில் வழிப்பறி.

இன்னிஸுக்குத் திக்குவாய்.
பறவையின் பெயரிலேயே மாட்டிக்கொண்டான்.
முதல் எழுத்து வந்தது, வந்தது,
வந்துகொண்டே இருந்தது.
நடுவர்கள் கனிவாகத் தலையைச் சாய்த்தார்கள்.
அந்தக் கனிவு இன்னும் மோசம்.

மூன்று நிமிடம்.
மணிமேல் என் உள்ளங்கை.
மூன்று பத்து.
மூன்று நாற்பது.
மடிப்பைப் பிரித்துக் காட்டி,
திரும்ப மடித்து,
விலை சொல்லி, நன்றி சொன்னபோது
நான்கு நிமிடம் ஐந்து வினாடி.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்தார்களோ என்னவோ.

அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை.
நாய்ப் பாய் ஜெயித்தது.

வெள்ளிக்கிழமை படிக்கட்டில் நின்றான்,
பை நிறையப் பெட்டிகளோடு.
ஒன்று எவ்வளவு என்றேன்.
சும்மா எடுத்துக்கொள் என்றான்.
புரசைவாக்கத்தில் ஒரு வருடம்
செருப்புக் கடையில் நின்றவள் நான்.
முதல் வியாபாரத்தில் பேரம் கூடாது,
இலவசம் கூடவே கூடாது என்றேன்.
போணி என்ற சொல்லைக் கொடுத்தேன்.
மூன்றாவது முயற்சியில் வந்துவிட்டது அவனுக்கு.

கோட்டுப் பையைத் துழாவி ஒரு பவுண்டு.
விற்கத்தான் தடை எனக்கு, வாங்கத் தடையில்லை.
காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள
அவனுக்குத் தெரியாது.
ஜீன்ஸில் துடைத்து,
சில்லறை இல்லாத பையில் தனியாகப் போட்டான்.

ஆற்றங்கரை பெஞ்சு. பெட்டிக்குள் சூடான சிப்ஸ்,
மூடியின் இடுக்கில் வினிகர் வாசம்.
மறுகோடியில் ஒன்று வந்து இறங்கியது,
மஞ்சள் அலகு, மஞ்சள் கண்.
பெட்டியை நடுவில் வைத்தேன்.
கைப்பேசியில் நேரம் பார்த்தேன்.
உனக்கும் மூன்று நிமிடம்தான் என்றேன்,
தமிழில்.