நான்கு உள்ளங்கை

ஜே.சி. ரோட்டில் மழை
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தது.
இம்தாதின் கடைக்குள்
இஞ்சி டீயையும் ரப்பராக்கிவிடும் வாசனை.

முரட்டுப் பல் வைத்ததைத்தான் கேட்டேன்.
பாறை ஏறும், சேற்றைக் கிழிக்கும்,
விளம்பரத்தில் பார்த்தது.

'சக்லேஷ்பூர் எத்தனை தடவை போயிருக்கீங்க?'
ஒரு தடவை.
அதுவும் பஸ்ஸில்.

அவர் சிரிக்கவில்லை.
என் பழைய டயரின் பள்ளத்தில்
ஒரு ரூபாய்க் காசை நட்டுப் பார்த்தார்.
நிற்க ஆழமில்லை.

போன செவ்வாய், ஹெப்பால் மேம்பாலத்தின் இறக்கத்தில்
பிரேக்கை மிதித்த பிறகும்
யாரோ கூப்பிட்டதுபோல் வண்டி
போய்க்கொண்டே இருந்தது.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
பின்சீட்டில் நிலானி தூங்கிக்கொண்டிருந்தாள்.

'பெரிய கட்டை சேத்துக்கு மேடம்.
ஈரத் தாருக்கு இது, ஸ்வல்ப பாருங்க.'
நகத்தால் ஒரு கீறலைப் பிரித்துக் காட்டினார்.
தலைமுடி நுழையும் இடைவெளி.
தண்ணீர் அதில் ஒதுங்கி வழிவிடுமாம்.
'ஒரு டயர் ரோட்டைத் தொடுறது
உங்க உள்ளங்கை அளவுதான்.'

நாலு உள்ளங்கை.
அவற்றின் மேல் இரண்டு டன்.
அதற்கும் மேல் ஒரு தூக்கம்.

பாதி முரடு, பாதி கீறல் என்று ஒன்றை எடுத்தேன்.
ஒன்று பதிமூவாயிரத்து எழுநூறு.
பேரம் பேசத் திறந்த வாயில்
வேறு கேள்வி வந்தது:
பள்ளிக்கூடம் விடுவதற்குள் மாட்டிவிடுவீர்களா?

ஜாக்கி வண்டியைத் தூக்கியது.
ஒதுங்கி நிற்க ஒரு படி இறங்கினேன்,
வழுக்கியது.

டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு
செருப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
அதுவும் மொட்டை.