ஒரே மைக்குச்சி

பிள்ளைக்காம்பராவில்தான் வேசம் கட்டுவோம்.
தொட்டில் சேலைகளை உத்தரத்தில் சுருட்டிக் கட்டிவிட்டு
தரையில் படங்குச் சாக்கு விரிப்போம்.
செருப்பு வாசலுக்கு வெளியே.
கவிச்சி தின்றவன் வெளியே.
தீட்டு வீட்டுக்காரன் கதவைத் தொடக்கூடாது.
காப்புக் கட்டிய நாளிலிருந்து
மன்மதனும் ரதியும் விடியுமுன்னே
பீலித் தண்ணியில் விறைக்க விறைக்க முழுகுவார்கள்.
இவ்வளவு சுத்தமான அறை
மஸ்கெலியாப் பக்கம் வேறில்லை என்று
சொல்லித் திரிந்தவன் நான்.

போன மாசி.
பதினோரு முகத்துக்கும் ஒரே மைக்குச்சி.
காய்ந்தால் நாக்கில் தொட்டு நனைத்துக்கொள்வேன்.
ஒரே பஞ்சு. ஒரே முத்துவெள்ளைத் தட்டு.
ஒரே துண்டு, அது என் தோளில்.
தூதன் வேசக்காரன் சசிவர்ணன்
மண் விழுந்ததுபோல் கண் உறுத்துது என்றான்.
"கொழுந்து மடுவத் தூசிடா" என்று
இமையை இழுத்துப் பிடித்து வரைந்தேன்.
பிறகு ரதிக்கு.
பிறகு மன்மதனுக்கு.
பிறகு எமனுக்கு.

சிவன் மன்மதனை எரித்தது வெள்ளி ராத்திரி.
நான் எரித்தது
ஞாயிறு காலையில்தான் தெரிந்தது.
ஒன்பது பேர் கண் ஒட்டிக் கிடந்தார்கள்.
சுடுதண்ணியில் துணி நனைத்துப்
பீளையைப் பிரித்தார்கள் வீட்டுப் பெண்கள்.
அப்புறம் அவர்களுக்கும்.
பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை
சிவந்த கண்ணைக் கண்டதும் திருப்பி அனுப்பினார்.
எமனின் சம்சாரம் தேவநாயகிக்கு
அந்தக் கிழமை இரண்டரைப் பேர்.
டிஸ்பென்சரி வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள்.
திரும்பவே இல்லை.

இந்த வருசம்
யோகட் கோப்பை பதினொன்று கழுவிக் காயவைத்து
பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதினேன்.
டப்பாவிலிருந்து வழிக்க ஐஸ்பழக் குச்சி.
முகம் தொட்ட குச்சி டப்பாவுக்குத் திரும்பாது,
திரும்பினால் டப்பாவே குப்பை.
மைக்குத் தீக்குச்சி முனையில் பஞ்சு,
ஒரு கண்ணுக்கு ஒன்று, உடனே அடுப்புக்கு.
வாசலில் வாளி, செம்பு, சவர்க்காரம்.

"சாமி காரியத்தை ஆஸ்பத்திரி ஆக்கிட்டியே.
காப்புக் கட்டின கையில் கிருமி ஏறுமா?"
கூத்து மாஸ்டர் குணரெத்தினம் சிரித்தார்.
"காப்புக் கயிறே பதினாறு நாளாய்
ஈரத்தில் ஊறிக் கிடக்குது மாஸ்டர்."
மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார்.
பேசாமல் செம்பை எடுத்தார்.

எரிக்கிற நாள் விடிந்தது.
என் இடது கண் திறக்கவில்லை.

எங்கே பிடித்தேனோ, நோட்டன் பஸ்ஸின் கம்பியிலோ,
கடன் வாங்கிய கண்ணாடியிலோ.
கண்ணாடியில் பார்த்தேன்:
சிவனுக்காக நான் குழைத்து வைத்திருந்த அதே சிவப்பு.
நன்றாகக் கை கழுவிக்கொண்டு
யாருக்கும் சொல்லாமல் போய்விடலாம்
என்று ஒரு நிமிசம் நினைத்தேன்.
மறைக்கவில்லை, நினைத்தேன்.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே
தூறலில் ரெயின்கோட்டோடு நின்று
வாயால் வேசம் போட்டேன்.
"இன்னும் மேலே தூக்கு புருவத்தை.
சசி, அது உன் கோப்பை இல்லை, வை கீழே."
அவனவன் முகம் அவனவன் கையில்.
ரதியின் ஒரு புருவம் திடுக்கிட்டது,
மற்றது தூங்கிப்போனது.
சிவனின் நெற்றிக்கண்
வலது பக்கம் சரிந்து
மன்மதனை விட்டுவிட்டு
கொழுந்து மடுவத்தை முறைத்தது.

தப்பு முழங்கியதும்
பந்த வெளிச்சத்தில் எல்லாக் கோணலும் நேராயின.
மன்மதன் எரிந்தான்.
ரதி மண்ணில் விழுந்து புரண்டாள்.
கூட்டம் விம்மியது.
நான் தள்ளி, தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில்,
ஒற்றைக் கண்ணால் அழுதுகொண்டு.

தேவநாயகி பார்த்துவிட்டாள்.
ரதிக்காக என்று நினைத்திருப்பாள்.
ஒரு வருசத்துக்குப் பிறகு கிட்டே வந்து
தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினாள்,
துடைச்சுக்கோ என்று.

இரண்டு கையையும்
பின்னால் கட்டிக்கொண்டேன்.