வேகம் காண்க

ஆடி பிறந்து ஒன்பதாம் நாள்.
ஜன்னலைச் சாத்தினால் ஏழாம் வகுப்பு இருட்டு,
திறந்தால் மணல்.
சாக்பீஸ் பலகையைத் தொடுமுன்னே
தூளைக் காற்று வாங்கிக்கொள்கிறது.
நான் எழுதிய ரயில்
எங்கிருந்தோ புறப்பட்டு எங்கோ போகிறது,
மணிக்கு அறுபது கிலோமீட்டர்.
உவரிக்கும் கூடுதாழைக்கும் நடுவில்
தண்டவாளம் கிடையாது.
வினோலியா கொட்டாவி விட்டாள்.
எனக்கும் வந்தது.

"டீச்சர், கச்சான் ஏறிட்டு.
இன்னைக்கு மீசை ஓடும்" என்றான் ரெக்சன்.
யாருடைய மீசை என்று கேட்டேன்.
நான் சேரன்மகாதேவிக்காரி.
எங்கள் வயல்காட்டில் காற்று என்றால் காற்று,
திசைக்கொரு பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை.
முப்பத்தொரு பேரும் சிரித்தார்கள்.

சுற்றுச்சுவரில் கேட் இருந்தது.
கேட்டுக்குப் பூட்டு இருந்தது.
பூட்டுக்குத் தலைமையாசிரியர் இருந்தார்.
"விழுந்துட்டா?" என்றார்.
"எழும்பிருவாங்க சார்" என்றேன்,
எனக்கே தெரியாத துணிச்சலில்.

கடற்கரை நெடுக ராவணன் மீசை
பத்துத் தலைக்குமாய் முளைத்துக் கிடந்தது.
காய்ந்து கழன்ற முள்ளுருண்டை ஒன்றை
ஜெபிஷா இரண்டு விரலால் பதமாய் எடுத்து
கோட்டில் வைத்தாள்.
அது நின்றது. கொஞ்சம் யோசித்தது.
பிறகு முள்முனைகளில் எழும்பி
ஒரே ஓட்டம்.

தொலைவை அளக்க ஸ்கேல் கொண்டுவந்திருந்தேன்,
முப்பது சென்டிமீட்டர்.
அதைப் பார்த்து இரக்கப்பட்டு
ரெக்சன் இரு கையையும் விரித்தான்.
"இது ஒரு பாகம் டீச்சர்.
எங்கப்பா கடலையே இதுலதான் அளப்பாவ."
வினோலியாவும் விரித்தாள்.
அவன் அளந்தால் நாற்பது,
அவள் அளந்தால் நாற்பத்தாறு.
ஒரே ஓட்டம், ரெண்டு தொலைவு எப்படில?
சண்டை முற்றி, சட்டை கசங்கி,
"எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கை வேணும்லா!"
என்று யாரோ கத்தினார்கள்.
திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்ட குரல்.
மூன்று வருடமாய் மீட்டருக்கு நான் ஒப்பித்த வரையறை
வாயருகே வந்து
திரும்பிப் போனது.

செல்போன் நொடிகளை எண்ணியது.
ஒன்பது. பதினொன்று. மறுபடி ஒன்பது.
எட்டாவது உருண்டை கரைவழியே சரிந்து சரிந்து
அலையில் இறங்கிவிட்டது,
அதைத் துரத்திய அபினோவும்.

மறுநாள் கித்தேரியம்மாள் வந்தாள்.
மகன் காலில் எடுத்த ஏழு முள்ளையும்
நோட்டுத்தாளில் மடித்துக் கொண்டுவந்து
என் மேஜையில் பிரித்து வைத்தாள்.
"படிக்கத்தானே அனுப்புதேன்.
கடப்புறத்துல ஓட வைக்க
நீங்க எதுக்கு, பஸ் ஏறி வாறீய?
அத அவன் வீட்டுல இருந்தே ஓடுவாம்லா."
அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் முழுசாய் இல்லை.
முதலுதவிப் பெட்டியில் ஒரு முள்வாங்கி சேர்த்தேன்.
புதன்கிழமை மறுபடி கேட் திறந்தது.

காலாண்டுத் தேர்வு. வேறு யாரோ தயாரித்த வினாத்தாள்.
ஒரு ரயில் அறுநூறு மீட்டர் தொலைவை
நாற்பது நொடிகளில் கடக்கிறது எனில்,
வேகம் காண்க.
பலரும் சரியாய்ப் போட்டிருந்தார்கள்,
வினோலியா காலத்தைத் தொலைவால் வகுத்திருந்தாள்.
அபினோ கேள்வியைத் தாளில் எடுத்தெழுதி
ரயிலை அடித்துவிட்டு
மேலே மீசை என்று திருத்தியிருந்தான்.
வரிவரியாய்க் கணக்கு. விடை, நொடிக்குப் பதினைந்து மீட்டர்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்,
'நடுவுல காத்து விழாம இருந்தா.'

இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டையும் போட்டேன்.
கடைசி வரிக்கு அடியில்
சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன்,
சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை.

புரட்டாசி. ஜன்னல்கள் எல்லாம் திறந்தே கிடந்தன.
விடைத்தாள் ஒன்றுகூடப் பறக்கவில்லை.