மீசைக் கணக்கு

அபெரிஸ்ட்வித்தில் எங்கள் நிலவியல் சங்கம்
பாறைகளைப் பற்றிப் பேசியதே இல்லை.
வெள்ளிக்கிழமை எங்கே, என்ன வேஷம்,
எந்தக் கடை பாதி விலைக்குப் பீர் தரும்,
இவைதான் பேச்சு.
கூட்டக் குறிப்பில் மட்டும் கடைசி வரியாக
"உயிர்காப்புப் படகு நிலையத்துக்கு நிதி" என்று
மறக்காமல் எழுதிவிடுவோம்.

நான் பொருளாளன்.
சளி பிடித்து நான் வராத கூட்டத்தில்
ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.
சொத்து: ஒரு பிஸ்கட் டின், ஒரு நீல நோட்டு,
போன வருடத்துக்காரன் விட்டுப்போன
மை கசியும் பேனா.

அக்டோபரில் நாட்டுப்புற நடனம்.
எண்பத்து மூன்று பேர், ஆளுக்கு நான்கு பவுண்டு.
பேராசிரியர் மொஸ்டினின் மீசையை
மழிக்கும் உரிமை ஏலத்தில்
அறுபத்தைந்துக்குப் போனது.
எடுத்தவள் முதலாண்டு மாணவி;
கத்தரி பிடித்த கை நடுங்கி
இடப்பக்கம் முந்திக்கொண்டு விழுந்தது.
சிரிப்பில் ஒரு நாற்காலி உடைந்தது.
மண்டப வாடகை, பிடில்காரர் மூவர் கூலி,
பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, அந்த நாற்காலி.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
மிச்சம் ஐம்பத்தொன்பது.
படகுக்காரருக்கு ஒரு கையுறை வாங்கலாம்.
இன்னொரு கைக்கு
இன்னொரு வெள்ளிக்கிழமை.

நவம்பரில் வினாடி வினா.
சீட்டுப்படி இருநூற்று முப்பத்து நான்கு.
டின்னில் இருநூற்றுப் பதினான்கு.
துணி துவைக்கும் அறைத் தரையில் உட்கார்ந்து
நான்கு முறை எண்ணினேன்,
யாருடையதோ துவாலைகள் சுழலச் சுழல.
டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன்.
பிஸ்கட் தூள்.

வாசலில் டின்னோடு நின்றவள் ஹெலெத்.
அந்த வாரம் நூலகத்தில்
மூடும் மணி அடிக்கும்வரை இருந்தாள்,
இரண்டு கோட்டு போட்டுக்கொண்டு.
அவள் அறைக்கு மின்சாரம்
முன்பணம் கட்டிய சாவியில் ஓடுவது;
சாவியில் காசு தீர்ந்தால்
விளக்கும் தீரும், சுடுநீரும் தீரும்.
இதையெல்லாம் நான் கூட்டிப் பார்க்கவில்லை.
கூட்டுவதுதான் என் வேலை,
ஆனாலும்.

"சில்லறைப் பிசகு, 20" என்று எழுதினேன்.
மை கசிந்து
பூஜ்யம் உள்ளே நிரம்பிக் கறுத்தது.

சங்கத் தலைவன் டெகிட் கேட்டான்,
"உன்னை நம்பித்தானே தந்தோம்?"
மூன்று வாரம்
என்னைப் பார்க்கும்போதெல்லாம் டின்னையும் பார்த்தான்.
பார்க்கட்டும் என்றிருந்தேன்.
முழுக்க நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது;
அவளிடம் போய் எப்படிக் கேட்பது என்று தெரியாத
கோழைத்தனமும் பாதி.

பிப்ரவரி, மாறுவேட இரவு.
கடல் அன்று சாலைமேல் ஏறிக்
கூழாங்கற்களைக் கொட்டிக்கொண்டிருந்தது.
உள்ளே இரண்டு வைக்கிங், ஒரு டைனோசர்,
அட்டை எரிமலையாக டெகிட்.
விருந்தாளிகளாக வந்திருந்த படகு ஊழியர் இருவர்
இடுப்பில் கருவி அலறியதும்
எலுமிச்சைச் சாற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்கள்.
பாட்டு நிற்கவில்லை.
நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.
ஜன்னல் பக்கம் நின்ற டைனோசர் மட்டும்
தலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டது.
உள்ளே ஹெலெத்.

அன்றிரவு டின்னில் இருபத்தைந்து பவுண்டு அதிகம்.
அத்தனையும் ஐம்பது பென்ஸ் நாணயங்கள்,
ஒரு காலுறைக்குள், முடிச்சுப் போட்டு.
இருபது புரிந்தது.
அந்த ஐந்துக்கு என் நோட்டில் கட்டம் இல்லை.

ஏப்ரலில் காசோலையைக் கொண்டுபோனோம்.
நிலையத்தில் எம்லின் என்றொருவர்
கண்ணாடியைத் துடைத்துத் தொகையைப் படித்தார்,
ரசீது கிழித்துத் தந்தார்.
"அன்று ராத்திரி போனீர்களே,
அந்த ஆள் பிழைத்தாரா?"
கேட்டது ஹெலெத்.
"நாய் தண்ணீரில் விழுந்தது.
அதைப் பிடிக்க அந்த முட்டாளும் இறங்கினான்.
இரண்டும் நலம்."

திரும்பும் வழியில் பேராசிரியர் எதிரே வந்தார்.
மீசை முழுதாக முளைத்து
நுனியில் முறுக்கேறியிருந்தது.
ஹெலெத் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
"அக்டோபருக்குள் இன்னும் விலை ஏறும்.
இந்த முறை எண்பதில் ஆரம்பிப்போம்."

எழுதிக்கொள்ள நோட்டை எடுத்தேன்.
பேனா கசிந்தது.