இரண்டு கட்டங்கள்

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
வெள்ளி மதியம் உன்னோடு வந்திருக்க
யார் வேண்டும்? ஆண். பெண்.
ஹம்ரியாவில் மளிகைக் கடைக்கு மேல்மாடி,
ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் டப்பா,
பதினோரு பிள்ளைகள், ஏழு பென்சில்கள்.

ரிஃபாயா யோசிக்கவே இல்லை. பெண்.
"அங்கிள் வந்தா வாசக்கதவு திறந்தே இருக்கணும்னு
உம்மா சொல்லும்.
கூலிங் எல்லாம் படிக்கட்டுக்குப் போயிரும்."

எபிநேசருக்கு ஒன்பது வயது. ஆண்.
போன வருஷம் வந்த அக்கா
மாலில் ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று
"எபி, முடிஞ்சுதா எபி" என்று
மஸ்கட்டுக்கே கேட்கக் கூப்பிட்டாராம்.

மாதுளன் அழித்து அழித்துத்
தாளைக் கிழித்தே விட்டான்.
அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி.
"லேடி வேணாம். பாத்திரம் கழுவலைன்னு
மனசுல நினைப்பாங்க."
கொஞ்சம் பொறுத்து,
"ஆம்பளைங்களும் நினைப்பாங்களா?"
நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

தர்ஷிகா:
"ஆரெண்டாலும் காணும்.
கார் இருக்கோ எண்டு மட்டும் கேளுங்கோ."

போன மாதம் பெரியவர்கள் கூடி
இரண்டு மணி நேரம் பேசினோம்.
முன்மாதிரி என்றோம். தந்தையின் இடம் என்றோம்.
சமோசா தீரும்வரை சொன்னோம்.
பதினோரு தாளிலும் அந்தச் சொற்களைத் தேடினேன்.

இன்பதாஸ் பெண் என்ற கட்டத்தில்
அழுத்திய அழுத்தம்
அடுத்தவன் தாளிலும் பதிந்திருந்தது.
பெண்கள் நால்வர்தான், நால்வருக்கும் பிள்ளைகள் ஒதுக்கியாயிற்று.
அதனால் நான் போனேன்.

ரூவி, மூன்றாம் மாடி.
கதவைத் திறந்தவன்
என் தோளுக்குப் பின்னால் படிக்கட்டைப் பார்த்தான்.
"வேற யாரும் வரலையா?"
"இல்லப்பா."
"சரி. ஃபுட்பால் பத்தி மட்டும் கேக்காதீங்க."

கேட்கவில்லை.
பிறகு கேட்க எனக்கு வேறொன்றும் இல்லை என்பது
ஃபிரிட்ஜின் உறுமலில் தெரிந்தது.

கால்மணி கழித்து
பள்ளிச் சட்டையைக் கொண்டுவந்து வைத்தான்,
உள்ளங்கையில் ஒரு பொத்தான்.
"இதுக்குத்தானா?"
"ஞாயித்துக்கிழமை அசெம்ப்ளி."
"எனக்கும் தைக்கத் தெரியாதே."
"உங்க சட்டையில எல்லாம் இருக்கே?"
"லாண்டிரிக்காரர் தைப்பார்."
சற்று நேரம் என்னைப் பார்த்தான்,
கடையில் மாற்றிக் கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல.

ஜன்னலில் மொட்டை மலை செம்பாகிக்கொண்டிருந்தது.
அவன் நூலை எச்சில் தொட்டுக் கூராக்கினான்,
நான் ஊசியைப் பிடித்தேன்.
அவன் பிடித்தான், நான் நுழைத்தேன்.
ஐந்தாவது முறை நுழைந்தது.
இருவரும் மூச்சே விடவில்லை.
நான்கு துளையிலும் ஏற்றி இறக்கி
இழுத்தோம்.

நூல் முழுதும் கையோடு வந்துவிட்டது.
முடிச்சுப் போட மறந்திருந்தோம்.