கூரைத்தண்ணீர் விழும் மூலை

வடகிழக்கு மூலையில் கூரைக்குழாய் கக்கும் தண்ணீர்
மே முடியும்வரை வற்றாது.
வாஸ்துப்படி சரிதான் என்று சிரித்தார் செந்தூரன்.
லாவெண்டர் வைத்தேன், அழுகியது.
ரோஜா, அதுவும்.
'ஈரத்துக்கே பிறந்த செடி இருக்க
இதுகளை ஏன் வதைக்கிறாய்' என்றாள்
ட்ரூரோ நாற்றுப்பண்ணையில் கையுறை கழற்றாத பெண்.
விண்டர்பெர்ரி மூன்று வாங்கிவந்தேன்.
நோவா ஸ்கோஷியாக் காட்டுப்பள்ளங்களில்
யாரும் நடாமலே நிற்பது.

முதல் வருடம் இலை.
இரண்டாம் வருடம் இலை, இருக்கிறதா என்று
குனிந்து பார்க்கவேண்டிய வெள்ளைப்பூ, பிறகு
இலை.
மூன்றாம் வருடம் கராஜில், உரப்பைக்கு அடியில்
பெயரட்டைகளைத் தேடியெடுத்துப் படித்தேன்.
மூன்றும் பெண்.

அதே வாரத்தில் பூக்கிற ஆண்செடி ஒன்று வேண்டும்.
'ஆக, வரன் பார்க்கணும்' என்றார்,
போனிலிருந்து தலை தூக்காமல்.

வரனின் பெயர் ஜிம் டாண்டி.
பதினெட்டு டாலர். முழங்கால் உயரம்.
வேலிக்கு அந்தப்பக்கம், டோரீனின் குப்பைத்தொட்டிக்குப் பின்னால்
ஒரு முழம் மண் கேட்டேன்.
அதுவரை நாங்கள் பேசியதெல்லாம்
எங்கள் பனிவாரும் எந்திரத்தின் சத்தம் பற்றி.
மண்வெட்டியோடு வந்தாள்.
'இவன் காய்க்கவே மாட்டானா?'
மாட்டான்.
'அப்புறம் எனக்கென்ன லாபம்?'
சொல்லத் தெரியவில்லை. குழியை அவளே தோண்டினாள்.

அக்டோபரில் இலை கறுத்து உதிர்ந்ததும்
கணுவுக்குக் கணு சிவப்பு.
குன்றிமணிதான், கறுப்புப் பொட்டு மட்டும் இல்லை.
'தின்னலாமா?'
வாந்தி வரும்.
'இதற்கா இவ்வளவு பாடு?'

ஜனவரி முழுக்கப் பறவைகூடத் தொடவில்லை.
நாலரைக்கே இருட்டும் நாட்களில்
மருந்தகத்திலிருந்து வந்து
காரை நிறுத்தியபின்னும் முகப்பு விளக்கை
அதன்மேல் கொஞ்சநேரம் விட்டுவைப்பேன்.

பிப்ரவரி. உறைந்து, உருகி, மறுபடி உறைந்து
கசப்பு இறங்கிய ஒரு ஞாயிறு
டோரீன் போன் செய்தாள், முதல் தடவையாக.
'சத்தம் போடாமல் ஜன்னலுக்கு வா.'
ராபின்கள். நாற்பது எண்ணினேன்.
அறுபது என்கிறார் செந்தூரன்,
ஒரு காலில் மட்டும் காலுறையோடு.

இருபது நிமிடம்.
பிறகு வெறுங்குச்சி,
பனியில் துப்பிய தோல்.

டோரீன் இன்னும் போனை வைக்கவில்லை.
மூச்சு கேட்டது.
'எல்லாம் போச்சு' என்றேன்.
'உன் மாப்பிள்ளை மேல் இரண்டு உட்கார்ந்திருக்கு' என்றாள்,
'ஒன்றும் கிடைக்காமல்.'

ஏப்ரலில் கூரைக்குழாயைத் திருப்பிவிட ஆள் வந்தான்,
போன வருடமே சொல்லிவைத்தது.
வாசலிலேயே பேசி
அனுப்பிவிட்டார் செந்தூரன்.