அங்க அடையாளம்

இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம்
என்றிருக்கிறது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில்.
ராதாபுரம் பள்ளிக்கூடத்து முத்திரை.
கரையான் தின்றது போக மீந்த பெயர்
‘…ணி மிக்கேல்’.
அந்தோணியோ மரியந்தோணியோ.
அவருடைய தகரப்பெட்டியில்
சீட்டுக்கட்டுக்கும் புறாத் தீவனத்துக்கும் அடியில் கிடந்தது.

வள்ளியூர் ஆஸ்பத்திரியில்
நர்ஸ் ஈரப்பஞ்சால் முகத்தைத் துடைத்தாள்.
பஞ்சோடு வந்துவிட்டது மச்சம்.

பதினோரு வருஷம்
சாயங்காலம் ஆறு மணிக்கு
அவருக்குக் கைக்கண்ணாடி பிடித்தவள் நான்.
மைப்பென்சிலை அவர் புருவத்தருகே கொண்டுபோகும்போது
ஏற்கெனவே இருப்பதைத்தான்
கறுப்பாக்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு
சங்கரவடிவு கேட்டாள், “பேரு?”
புரொபசர் பாதுஷா.
“அது நோட்டீஸ்ல போட்ட பேருல்லா.
வீட்டுல கூப்பிடுத பேரு என்ன?”

வீடு என்று அவர் சொன்னது லாரியை.
கோமாளி மைதீன் சொன்னான்: உவரிக்காரர்,
கடல் தெரிகிற ஊரில் முகாம் போட்டால்
மேற்கே பார்த்துத்தான் சாப்பிடுவார்.
சமையற்காரன் சொன்னான்: களக்காடு,
வாழைத்தார் வெட்டிய கை அது, எனக்குத் தெரியும்.
மேனேஜர் வர்கீஸ் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:
கோட்டு கம்பெனிக்குச் சொந்தம்.
பேரும் கம்பெனிக்குச் சொந்தம்.
அதற்குள் இவர் மூன்றாவது ஆள்.
முதல் பாதுஷாவுக்கு நிஜமாகவே மச்சம் இருந்தது.
போஸ்டருக்கு பிளாக் எடுத்தாகிவிட்டது.
அதனால் மற்ற இரண்டு பேரும்
வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்படியானால் அந்தப் புத்தகம் யாருடையது?
யாருடையதையோ இவர் எதற்குச் சுமந்தார்,
இத்தனை ஊர், இத்தனை மழை?
வர்கீஸ் இன்னொரு பீடி பற்றவைத்தார்.

“அவிய ஒங்களுக்கு என்ன வேணும்?”

என்ன வேணும்.
தினம் இரண்டு தடவை, ஞாயிறென்றால் மூன்று,
என்னை இரண்டாய் அறுத்து
ஒன்றாய்த் திருப்பித் தந்தவர்.
அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.
“சரி, ஒங்க பேரையாவது சொல்லுங்க.”
மிஸ் ரோஸி என்று உதடு வரை வந்தது.
முப்பிடாதி என்றேன்.
யாரோ கூப்பிட்ட மாதிரி
நானே திரும்பிப் பார்த்தேன்.

சங்கரவடிவு பேனாவை மூடினாள்.
“இப்ப பென்சில்ல எழுதி வைக்கேன்.
யாராச்சும் தேடி வந்தா
அழிச்சிட்டு எழுதிக்கிடலாம்.”

பிணவறைப் பெட்டி சின்னது.
முதல் தடவையாகப் பெட்டிக்குள் அவர்.
முழங்காலை மடக்கத் தெரியவில்லை.
நீட்டிக்கொண்டிருந்தன பாதங்கள்.
ரம்பம் இறங்கும்போது
விரலை ஆட்டிக் காட்ட வேண்டும்,
இல்லாவிட்டால் ஜனம் பயந்துவிடும்.
அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார்.
நான் நின்று பார்த்தேன்.
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

சாயங்காலம்
பணகுடிப் பக்கமிருந்து ஆடிக்காற்று.
கிழக்குக் கயிறு இரண்டு அறுந்தது.
காற்றாலைகள் எல்லாம் அவசரமாய்ச் சுற்றின,
எங்கேயும் போகாமல்.
ஆறரைக் காட்சிக்கு நாற்பது டிக்கெட் போயிருக்கிறது
என்று வர்கீஸ் கோட்டை நீட்டினார்.

தோள் தொங்கியது. கை, விரல் நுனி வரை.
உள்பையில் பாதிக் கடலைமிட்டாய்.
கடித்த தடத்தில் நடுவே ஒரு பல் இல்லை.
எந்தப் புத்தகத்திலும் எழுதாத அடையாளம்.
வெளியே எடுத்தேன். திரும்ப உள்ளேயே போட்டேன்.

கயிற்றில் நடக்கும் ஜெபசீலி கண்ணாடி பிடித்தாள்.
இடது புருவம். கண்ணாடியில் அது வலது.
இரண்டு தடவை தப்பாக வைத்து அழித்தேன்.

மூன்றாவது வரிசையில் சங்கரவடிவு,
மடியில் பையன், கையில் முறுக்கு.
என் முகத்தில் ஒரு புள்ளியையே
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பையன் கை தட்டினான்.

ரம்பத்தை எடுத்தேன்.
மூடிக்கு அடியிலிருந்து ஜெபசீலி
மூச்சுக்காற்றாய்க் கேட்கிறாள்:
அக்கா, எந்தக் கால மொதல்ல மடக்க?